இலத்திரனியல் வேறு, தொழினுட்பம் வேறு

போன கிழமை எங்கள் சந்தியில் ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள்: 'பழுதடைந்த தொழினுட்பப் பொருட்களைக் கையளியுங்கள்.' கேட்பது பழைய ரீவி, கொம்பியூட்டர், கைத்தொலைபேசி. பக்கத்து வீட்டு அண்ணை வாசித்துவிட்டு, "தம்பி, என்ர மண்ணெண்ணெய் மிசினையும் குடுக்கலாமோ?" என்றார். சிரிக்க ஒன்றுமில்லை. அறிவித்தலின்படி பார்த்தால், தண்ணி இறைக்கிற மிசினும் தொழினுட்பப் பொருள்தான்.

இலத்திரன் என்ற சொல்லின் வேர் கிரேக்கம். அங்கே 'இலெக்திரோன்' என்றால் அம்பர், இறுகிக் கல்லான மரப்பிசின். தேய்த்தால் துரும்பை இழுக்கும். ஸ்ரோனி என்ற விஞ்ஞானி 1891 இல் மின்னேற்ற அலகுக்கு அந்தப் பெயரை வைத்தார். 1897 இல் தொம்சன் என்ற விஞ்ஞானி அந்த மின்னேற்றமுள்ள துணிக்கையையே காட்டினார். எங்கள் பாடநூலில் அது இலத்திரன். வால்வு, திரான்சிற்றர், சிப் கொண்டு அதன் ஓட்டத்தை ஆளுவது இலத்திரனியல். தொழினுட்பமோ ஒரு காரியத்தைச் செய்யும் அறிவும் முறையும். முட்டியின் உள்ளே சுண்ணாம்பு தடவிப் பனம்பாளையில் கட்டினால் புளிக்காத கருப்பணி, தடவாவிட்டால் கள். அது தொழினுட்பம், கரண்டுக்கு அங்கே வேலையில்லை. 2013 இல் இலங்கையின் உயர்தரப் படிப்பில் தொழினுட்பப் பிரிவு வந்தபோது பயிர்ச்செய்கையும் அதற்குள் வந்தது, சும்மா அல்ல.

தொண்ணூறுகளில், கரண்ட் இல்லாத யாழ்ப்பாணத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டோம். கை களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் கம்மிப்போகும். டைனமோ மின்சாதனம், றேடியோ இலத்திரனியல் சாதனம். இரண்டையும் வயரால் கோத்த கெட்டித்தனம் தொழினுட்பம்.

'இலத்திரன் தமிழா? மின்னணு என்று எழுதுங்கோவன்' என்று ஒரு கூட்டம் வரும். இலத்திரன் கிரேக்கம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தமிழ் நாக்குக்கு இடறாமல் வந்துவிட்ட சொல். மின்னணுவோ அழகாய் நின்று பொய் சொல்கிறது. அணுவுக்கு உள்ளே இருக்கும் துணிக்கையை எப்படி அணு என்பது? வீட்டுத் தூணைக் காட்டி 'தூண்வீடு' என்பதுபோல. 'மின்னணு' படித்த பிள்ளைக்கு, அணுவுக்குள் மின்னணு சுற்றுகிறது என்று எந்த வாயால் விளங்கப்படுத்துவது? தமிழகத்திலும் துணிக்கைக்கு எதிர்மின்னி என்றும் ஒரு சொல் புழங்குகிறது. பிறகு துறைக்கு மட்டும் ஏன் மின்னணுவியல்? தூய்மை வேண்டும்தான், பொருளை விற்று அல்ல.

இன்னும் சிலர் எதற்கும் 'மின்' போட்டுவிடுகிறார்கள். மின்னஞ்சல் நிலைத்துவிட்டது, விடுவோம். 'மின்பொருட்கள்' என்றால் மின்விசிறியா, கல்குலேற்றரா? மொழிபெயர்க்கிறவர்கள் அகராதியை ஒருக்காலாவது திறக்கக் கூடாதா? தொழில், நுட்பம் இரண்டையும் 'தொழினுட்பம்' என்று புணர்த்தி எழுதினால் பிழை என்று திருத்துகிறவர்களும் இவர்கள்தான்.

'இலத்திரனியல் கழிவுகள்' என்று இரண்டு சொல் போதும். அண்ணை நேற்று மிசினைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போய், திருப்பிக் கொண்டுவந்து கிணற்றடியில் வைத்திருக்கிறார்.