பிளிசர்ட்: பனிப்புயலா, பனிச்சூறையா?

அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களில் கடுங்குளிர் இறங்கிவிட்டது, அடுத்துப் புயலும் நெருங்குகிறது என்று முன்னறிவிப்பு வரும் நாள்களில், தமிழ்ச் செய்திகள் 'பனிப்புயல்' என்ற ஒரே சொல்லைக் கொண்டு எல்லாவற்றையும் சமாளித்துவிடுகின்றன. பனி பலமாகக் கொட்டினாலும் பனிப்புயல், ஆங்கிலத்தார் தனித்துப் பெயரிட்டிருக்கும் 'பிளிசர்ட்' வந்தாலும் பனிப்புயல். ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

மணிக்கு 35 மைல், அதாவது ஏறக்குறைய 56 கிலோமீட்டர் வேகத்துக்குக் குறையாத காற்று, பறக்கும் பனியால் கால் மைலுக்கு அப்பால் எதுவும் தெரியாதபடி செய்து, குறைந்தது 3 மணி நேரம் நீடித்தால்தான் அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவை அதைப் பிளிசர்ட் என்கிறது. எத்தனை அங்குலம் பனி விழ வேண்டும் என்ற நிபந்தனை இந்த வரையறையில் அறவே இல்லை என்பதுதான் கவனிக்கத்தக்கது. 1977 ஜனவரி 28 அன்று நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரைத் தாக்கிய பிளிசர்டில், வானிலிருந்து புதிதாக விழுந்த பனியைவிட, உறைந்து கிடந்த ஈரி ஏரியின் மேல் வாரக்கணக்கில் சேர்ந்திருந்த தூள்பனியைக் காற்று வாரிக்கொண்டு வந்து ஊருக்குள் கொட்டியதே பெருங்கேடு விளைவித்தது. கார்கள் இருந்த இடம் தெரியாமல் புதைந்தன.

சொல்லின் பிறப்பும் அமெரிக்காவில்தான். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அது பலத்த அடியையும் சரமாரியான துப்பாக்கிச் சூட்டையும் குறித்தது. 1870-இல் அயோவா மாநிலத்தின் எஸ்தர்வில் என்ற சிற்றூரின் செய்தித்தாள், அவ்வாண்டு மார்ச்சில் வீசிய புயலுக்கு இப்பெயரைச் சூட்டியது. அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் நாடெங்கும் பரவிவிட்டது. மின்னலைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லோடு இதை இணைப்பவர்கள் உண்டு என்றாலும், அது ஊகமாகவே நிற்கிறது.

இனித் தமிழுக்கு வருவோம். 'பனி' நமக்கு முதலில் மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் துளி. பிறகு மூட்டம், குளிர். உதகையில் புல்வெளியை வெளுக்கச் செய்வது உறைபனி. வானிலிருந்து பஞ்சாக உதிர்வதை 'வெண்பனி' என்று பிரித்துச் சொல்லலாம். 'புயல்' என்ற சொல்லோ, 'புயல்என்னும் வாரி' என்ற குறளில் மழையைக் குறிக்கிறது. கடுங்காற்று என்ற பொருள் இன்று ஓங்கியிருந்தாலும், புயல் என்றதும் மழையையும் சேர்த்தே எண்ணுகிறோம். ஆகவே பனிப்புயல் என்பது பனி கொட்டும் புயலுக்கு முற்றிலும் பொருந்துகிறது. தரையில் கிடக்கும் பனியை வாரியடிக்கும் காற்றுக்கு அவ்வளவாகப் பொருந்தவில்லை.

குளிர்ந்த வடகாற்றுக்கு 'வாடை' என்ற அழகான பெயர் இருக்கிறது. ஆனால் பிரிவில் வாடும் தலைவியை நடுங்கவைக்கும் அந்தக் காற்றின் மீது கார்களைப் புதைக்கும் வேலையைச் சுமத்த எனக்கு மனம் வரவில்லை. எஞ்சுவது 'சூறை'. 'சூறைக்காற்றுடன் மழை' என்று நாளிதழ்களில் அன்றாடம் படிக்கிறோம். வாரிக்கொண்டு போவது என்ற பொருளும் அதற்குள்ளேயே இருக்கிறது. எனவே பிளிசர்டுக்குப் 'பனிச்சூறை' என்பதே நேரான தமிழ் என்று கருதுகிறேன். 'பனிப்பொழிவு இரவோடு நின்றுவிடும், பனிச்சூறை நாளை மாலை வரை நீடிக்கும்' என்று முன்னறிவிப்பில் எழுதினால், வெளியே போகலாமா வேண்டாமா என்பது படிப்பவருக்கு ஐயமின்றி விளங்கும்.