மருந்துப் பட்டியலில் ஒரு விளையாட்டு

கனடாவின் ஒன்டாரியோவில் பிசியோதெரபிஸ்ட்டாக வேலைக்குச் சேர்ந்த புதிது. முழங்கால் வலியோடு ஹோடெனோஷோனி பழங்குடிப் பெரியவர் ஒருவர் வந்தார். என்னென்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டேன். பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை என்று சொல்லிக்கொண்டே வந்தவர், "அப்புறம் லக்ராஸ்" என்றார். நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

நுனியில் வலை கட்டிய கம்பால் பந்தை ஏந்தி எறியும் ஆட்டம் அது. படைத்தவன் தந்தது என்பது அவர்கள் நம்பிக்கை. ஊரில் ஒருவர் நோயில் படுத்தால், அவர் தேற வேண்டி ஆடுவார்கள். யார் எத்தனை கோல் போட்டார்கள் என்பது அங்கே பெரிதில்லை.

1867-இல் ஜார்ஜ் பியர்ஸ் என்ற மான்ட்ரியல் பல் மருத்துவர் இதற்கு விதிமுறை எழுதி 'ஒழுங்குபடுத்தினார்'. 1880-இல் தேசிய லக்ராஸ் சங்கம், அமெச்சூர்கள், அதாவது பணம் வாங்காமல் ஆடுபவர்கள் மட்டுமே ஆடலாம் என்றது. பயணச் செலவுக்குப் பணம் வாங்கி ஆடிய பழங்குடியினர் அந்த ஒரே சொல்லில் வெளியே போனார்கள். 1994-இல் அதே ஆட்டம் சட்டப்படி கனடாவின் தேசியக் கோடை விளையாட்டு! ஹோடெனோஷோனி ஆண்கள் அணி 2014, 2018, 2023 உலகப் போட்டிகளில் மூன்றாம் இடம் பிடித்தது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் லக்ராஸ் உண்டு. ஆனால் தேசிய ஒலிம்பிக் கமிட்டி இருந்தால்தான் அணி அனுப்பலாம் என்பது விதி. ஹோடெனோஷோனிக்கு அப்படியொரு கமிட்டி இல்லை.

பழங்குடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த கனடாவின் உறைவிடப் பள்ளிகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015-இல் 94 பரிந்துரைகள் தந்தது. 18 முதல் 24 வரை உடல்நலம். 87 முதல் 91 வரை விளையாட்டு. அங்கேயும் இரண்டும் தனித்தனித் தலைப்புதான். ஆஸ்பத்திரிக்கு ஒரு இலாகா, மைதானத்துக்கு இன்னொன்று என்று அரசாங்கம் பழகிவிட்டது. பெரியவர் சொன்னதை எழுத என் படிவத்திலும் இடமில்லை.

அன்று நான் கொடுத்த பயிற்சித் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அடுத்த முறையும் அது அதே மடிப்போடு இருந்தது. சரி, உங்கள் கம்பைக் கொண்டு வாருங்கள் என்றேன். ஹிக்கரி மரக் கம்பு. பிடி தேய்ந்து பளபளத்தது. அதைக் கையில் எடுத்ததும், வலிக்கிற காலில் தானாகவே எடையைப் போட்டு நின்றார். தாளில் நான் முதல் வரியாக எழுதியிருந்த பயிற்சி அதுதான்.