ஜென்டில்மேன்: குடியா, காசா, குணமா?

"அவர் ரொம்ப ஜென்டில்மேன்" என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால் நமக்கு என்ன புரிகிறது? குரலை உயர்த்தாதவர், சொன்ன சொல் தவறாதவர், வாங்கிய கடனைக் கேட்காமலே திருப்பித் தருபவர். அவருடைய சொத்துக் கணக்கோ அவருடைய தாத்தா யார் என்பதோ அதில் வராது. 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இந்தச் சொல்லைக் கேட்டவர்களுக்கு முதலில் நினைவுக்கு வந்தவை அந்த இரண்டும்தான். குணம் அதற்கு அடுத்த வரிசையில் நின்றது.

வேரிலிருந்து தொடங்குவோம். லத்தீனில் 'கென்ஸ்' என்றால் குலம், குடி. அந்தக் குடியைச் சேர்ந்தவன் 'கென்டிலிஸ்'. பழைய பிரெஞ்சுக்கு வந்தபோது அது 'நல்ல குடியில் பிறந்த' என்று ஒரு படி உயர்ந்தது. பிரான்சிலிருந்து வந்த நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தபின் அங்கே மேல்தட்டின் மொழி பிரெஞ்சு. ஆகவே சொல்லும் ஆங்கிலத்துக்குள் இறங்கி, உள்ளூர் 'மேன்' என்பதோடு ஒட்டிக்கொண்டது. 'ஜென்டில்' என்றால் மென்மை என்று இன்று சொல்கிறோமே, அந்தப் பொருள் பின்னால் முளைத்த கிளை.

இன்னொரு கிளை நம் ஊர் வரைக்கும் நீண்டது. கிறிஸ்தவ வழக்கில் யூதர் அல்லாத பிற இனத்தாரைச் சுட்டவும் இதே வேர்ச்சொல் பயன்பட்டது. தமிழ் வேதாகமத்தில் 'புறஜாதியார்' என்று படிக்கிறோமே, அது இதுதான். போர்த்துக்கீசியர் இந்தியாவுக்கு வந்து இங்கிருந்த இந்துக்களை அந்தப் பெயரால் அழைத்தார்கள். ஆங்கிலேயர் அதை 'ஜென்டூ' ஆக்கினார்கள். சென்னைப்பட்டணத்தில் அது தெலுங்கு மொழிக்கும் தெலுங்கு பேசுவோருக்கும் பெயராகிவிட்டது. லண்டனில் ஜென்டில்மேன், சென்னையில் ஜென்டூ: பேசியவர்களுக்கு இவை உறவுக்காரச் சொற்கள் என்று தோன்றியே இருக்காது.

சரி, இங்கிலாந்துக்குத் திரும்புவோம். 1413இல் ஒரு சட்டம் வந்தது. வழக்கில் எதிராளியின் பெயரை எழுதும்போது அவருடைய நிலையையோ தொழிலையோ கூடவே எழுத வேண்டும் என்றது. நைட் (வீரப்பட்டம் பெற்றவர்), எஸ்குவயர் (அவருக்கு அடுத்த நிலை), யோமன் என்று ஏதாவது ஒன்று பெயருக்குப் பின்னால் வர வேண்டும். அப்படித்தான் 'ஜென்டில்மேன்' ஒரு சட்டப் பட்டமாக உறைந்தது. வரிசையில் அதன் இடம் எஸ்குவயருக்குக் கீழே, யோமனுக்கு மேலே. யோமன் என்பவர் சொந்தமாகப் பயிர் செய்யும், கொஞ்சம் வசதியான உழவர். சில யோமன்கள் பக்கத்து ஊர் ஜென்டில்மேனைவிடப் பணக்காரராக இருந்ததுண்டு. ஆனாலும் ஏர் பிடித்த கை யோமனுடையது.

வில்லியம் ஹாரிசன் என்ற பாதிரியார் 1577இல் அச்சான தன் நூலில் ஆங்கிலேயரை நான்கு வகையாகப் பிரித்தார்: ஜென்டில்மேன்கள், நகர உரிமை பெற்றவர்கள், யோமன்கள், கடைசியாகக் கைவினைஞரும் கூலிகளும். அவர் தந்த வரையறை வேடிக்கையானது. சட்டம் படித்தவனோ, பல்கலைக்கழகத்தில் இருந்தவனோ, அல்லது உடல் உழைப்பே இல்லாமல் சும்மா உட்கார்ந்து வாழக்கூடியவனோ, ஜென்டில்மேனுக்குரிய தோரணையையும் செலவையும் தாங்கினால் போதும். பணம் கொடுத்து ஒரு குலச்சின்னம், அதாவது குடும்ப அடையாளமாகக் கேடயத்தில் வரையும் சின்னம், வாங்கிக்கொள்ளலாம், அப்புறம் ஊரார் அவனை 'மாஸ்டர்' என்று அழைப்பார்கள். நாம் எல்லாப் பெயருக்கும் முன்னால் தாராளமாகப் போடும் 'மிஸ்டர்' அந்த மாஸ்டர்தான். அன்று அது எல்லாருக்கும் கிடைத்ததில்லை.

குடியில் பிறந்தால் வரும் பெயரைக் காசு கொடுத்து வாங்குவது எப்படி? அங்கேதான் அந்தக் காலத்தின் சூடு இருக்கிறது. 1536 முதல் 1540 வரை எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தார். அவற்றின் நிலங்கள் பெருமளவில் விற்பனைக்கு வந்தன. வணிகரும் வழக்கறிஞரும் அரண்மனை அலுவலரும் வாங்கினார்கள். நிலம் வந்தால் குத்தகைப் பணம் வரும், குத்தகை வந்தால் உழைக்க வேண்டாம், உழைக்காவிட்டால் ஜென்டில்மேன். மறுபக்கம், ஜென்டில்மேன் வீட்டு நிலம் மூத்த மகனுக்கே போகும் வழக்கம் என்பதால் இளையவர்கள் லண்டனில் வணிகரிடம் தொழில் பழகப் போனார்கள். ஏணியில் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் முட்டிக்கொண்ட காலம் அது.

இதற்கு ஷேக்ஸ்பியர் குடும்பத்தைவிட நல்ல சாட்சி கிடையாது. அப்பா ஜான், ஸ்ட்ராட்ஃபர்டில் தோல் கையுறை செய்து விற்றவர். 1568இல் ஊர்த் தலைவராகவும் இருந்தார். குலச்சின்னம் கேட்டுப் பார்த்தார். கைப்பணம் கரைந்ததும் அந்த முயற்சி நின்றுபோனது. மகன் லண்டன் நாடகத்தில் சம்பாதிக்கத் தொடங்கிய பிறகு, 1596இல் அது கைகூடியது. பொன்னிறக் கேடயத்தில் கறுப்புப் பட்டை, அதன்மேல் ஈட்டி. ஜானுக்கு 500 பவுண்டு மதிப்புள்ள நிலமும் வீடுகளும் உண்டு என்று அந்த ஆவணத்தின் வரைவில் எழுதியிருக்கிறார்கள். அடுத்த ஆண்டே மகன் ஊரின் பெரிய வீடுகளில் ஒன்றான நியூ பிளேஸை வாங்கினார்.

எல்லாருக்கும் இது பிடிக்கவில்லை. குலச்சின்ன அலுவலகத்திலேயே இருந்த ரால்ஃப் புரூக், தகுதியில்லாத ஆட்களுக்கெல்லாம் சின்னம் விற்கப்படுகிறது என்று 1602இல் புகார் கிளப்பினார். அந்தப் பட்டியலில் ஈட்டிச் சின்னத்தை வரைந்து, கீழே 'நடிகன் ஷேக்ஸ்பியர்' என்று எழுதியிருந்தது. அதில் உள்ள குத்தல் புரிய ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: 1572 சட்டப்படி, பிரபு ஒருவரின் ஆதரவு இல்லாத நடிகன் நாடோடிப் போக்கிரிகளோடு சேர்த்து எண்ணப்பட்டான்.

உடையும் இதே கதைதான். யார் வெல்வெட் அணியலாம், யார் பட்டு அணியலாம் என்று எலிசபெத் அரசி 1574இல் நீண்ட ஆணை போட்டார். துணியைப் பார்த்தே ஆளை எடைபோட முடிய வேண்டும் என்பது எண்ணம். மீறியவர்கள் ஏராளம்; 1604இல் இத்தகைய சட்டங்களையே நீக்கிவிட்டார்கள். 1611இல் முதலாம் ஜேம்ஸ் மன்னர் ஒளிவுமறைவையும் விட்டுவிட்டார். 'பாரனெட்' என்ற புதுப் பட்டத்தை உருவாக்கி, 1,095 பவுண்டு என்று விலையே வைத்தார்.

இனி தமிழ்ச் சொல். அகராதிப் பழக்கத்தில் கைக்கு வருவது 'கனவான்'. கனவு காண்பவன் என்று படித்துவிடக் கூடாது; கனம் உடையவன். வடமொழிச் சாயல் உண்டுதான், ஆனாலும் எனக்கு இது பிடிக்கும். கனம் என்பதில் மதிப்பும் இருக்கிறது, பணத்தின் எடையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஷேக்ஸ்பியரின் அப்பாவுக்கு இது அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தும். எழுதிக் கையெழுத்திடாமல் வாக்கை நம்பிச் செய்யும் உடன்பாட்டையும் 'கனவான் ஒப்பந்தம்' என்று இலங்கைப் பத்திரிகைகள் எழுதுகின்றன.

வேருக்கு நேராகத் தமிழ் வேண்டுமென்றால் 'குடிப்பிறந்தார்'. திருக்குறளின் குடிமை அதிகாரம் இவர்களைப் பற்றியதுதான். முகமலர்ச்சி, ஈகை, இன்சொல், பிறரை இகழாமை என்ற நான்கையும் நல்ல குடிக்கு அடையாளமாகச் சொல்கிறது அங்குள்ள ஒரு குறள். பிறப்பில் தொடங்கிய சொல்லைக் குணத்தின் பக்கம் இழுக்கும் வேலையை வள்ளுவர் முன்பே செய்திருக்கிறார். 'குடிமகன்' என்று சுருக்கலாமே என்றால் முடியாது. அது வாக்காளருக்கும், மாலையில் டாஸ்மாக் வாசலில் நிற்பவருக்கும் பங்கிடப்பட்டுவிட்டது.

'பண்பாளர்' இன்றைய பேச்சு வழக்குக்குச் சரி. எலிசபெத் காலத்தைப் பற்றி எழுதும்போது அதைப் போட்டால் தவறான படம் கிடைக்கும். பண்பில்லாத ஜென்டில்மேன்கள் அன்று நிறையவே இருந்தார்கள். கிரிக்கெட்டை 'ஜென்டில்மேன் கேம்' என்பதிலும் இந்தச் சிக்கல் உண்டு. 1806 முதல் 1962 வரை இங்கிலாந்தில் 'ஜென்டில்மேன்' அணியும் 'பிளேயர்' அணியும் மோதின. சம்பளம் வாங்காமல் ஆடியவர்கள் முதல் அணி, கூலிக்கு ஆடியவர்கள் இரண்டாவது. ஒழுக்கத்துக்கும் அந்தப் பிரிவினைக்கும் சம்பந்தமில்லை.

மேடையில் 'லேடீஸ் அண்ட் ஜென்டில்மென்' என்பதற்கு நாம் தேட வேண்டியதே இல்லை. 'பெரியோர்களே, தாய்மார்களே' இருக்கிறது. பேருந்து நிலையக் கழிப்பறைக் கதவில் உள்ள 'ஜென்ட்ஸ்' என்பதற்கு 'ஆண்கள்' போதும். 1616 ஏப்ரலில் ஸ்ட்ராட்ஃபர்ட் தேவாலயத்தின் அடக்கப் பதிவேட்டில் ஷேக்ஸ்பியரின் பெயருக்குப் பின்னால் எழுதப்பட்டிருப்பதும் இதே சுருக்கம்தான்: 'ஜென்ட்'. நாடகம், கவிதை பற்றி அந்த வரியில் ஒரு சொல்கூட இல்லை.