நடுவட்டம் திரும்பிய பத்து ரூபாய்க் காசு

போன மாதம் ஒருவர் பத்து ரூபாய்க் காசு ஒன்றைப் பஞ்சில் சுற்றி எடுத்து வந்தார். நடுவில் இருக்கும் வெள்ளை வட்டம் தலைகீழாக இருந்தது. இதற்கு லட்சக்கணக்கில் கொடுப்பார்கள் என்று ஏதோ வீடியோவில் பார்த்தாராம். எனக்கு லென்ஸ்கூடத் தேவைப்படவில்லை, வளையமும் வட்டமும் சேரும் இடத்தில் சுற்றிலும் கீறல். யாரோ தட்டிக் கழற்றித் திருப்பி அடித்து மாட்டியிருக்கிறார்கள்.

இந்தக் காசில் வளையம் அலுமினிய வெண்கலம், நடுவட்டம் ஸ்டீல். இரண்டும் அச்சுக்குள் தனித்தனியாகத்தான் போகின்றன, படம் விழுகிற அதே அடியில்தான் ஒன்றோடொன்று இறுகுகின்றன. அதனால் வட்டம் நிஜமாகவே விலகிப் போன காசில் உலோகத்தின் எல்லைதான் கோணும், சிங்கமும் எழுத்தும் அததன் இடத்திலேயே நிற்கும். வட்டத்தோடு சேர்ந்து படமும் திரும்பியிருந்தால், அது மின்ட்டுக்கு, அதாவது காசு அடிக்கும் சாலைக்கு, வெளியே நடந்த வேலை.

எரர் காசு, அதாவது பிழையுள்ள காசு, கைக்கு வந்ததும் நான் பார்ப்பது இதைத்தான்: மின்ட்டுக்குள் நடந்ததா, வெளியே வந்தபின் நடந்ததா? வெளியே என்றால் அது வெறும் சேதம். உள்ளே என்றால் தவறு தகட்டிலா (படம் விழுமுன் உள்ள வெற்று வட்டம்), டையிலா (படம் பதிக்கும் அச்சு), அடித்த விதத்திலா என்று பிரிப்போம். பிறை போல வெட்டுப்பட்ட காசு தகட்டுத் தவறு. வெட்டுக்கு நேர் எதிரே உள்ள விளிம்பைப் பாருங்கள், பெரும்பாலும் மழுங்கலாக இருக்கும். விளிம்பு ஏற்றும்போது இந்தப் பக்கம் உலோகம் இல்லாததால் அந்தப் பக்கமும் அழுத்தம் விழுவதில்லை. அரம் வைத்து ராவிப் போலி வெட்டு உண்டாக்குகிறவர்களுக்கு இது தெரியாது. லக்கி (lakhi) காசு என்று நம்மவர்கள் சொல்வது இன்னொரு வகை: முன்பு அடித்த காசு டையிலேயே ஒட்டிக்கொண்டு, அடுத்த தகட்டில் தன் முகத்தைப் பள்ளமாக, இடவலம் மாறிப் பதித்துவிடும்.

அப்புறம் காசுக்குத் தரம் போடும் 70 புள்ளிக் கணக்கு. பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற அமெரிக்க நிறுவனங்கள் 1 முதல் 70 வரை போடும் எண், காசு எவ்வளவு தேய்ந்திருக்கிறது, என்ன நிலையில் இருக்கிறது என்பதற்கு. 60 அல்லது அதற்கு மேல் என்றால் புழக்கத்தில் தேயாதது. என்ன பிழை என்பதை லேபிளில் தனியாக எழுதுவார்கள். எண் பெரிதாக இருப்பதாலேயே அபூர்வப் பிழை ஆகிவிடாது. டை லேசாகத் திரும்பியதால் இரு பக்கப் படங்களும் நேருக்கு நேர் அமையாத காசுகள் சாதாரணமாகவே கிடைக்கும், அவற்றுக்குத் தரச்சான்று வாங்கும் செலவே காசின் விலையைத் தாண்டிவிடும். புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவருகிறவர்களிடம் என்ன சொல்வதென்றே தெரிவதில்லை, நல்ல பிழைக்காசுக்கும் அதோடு எண் கிடைக்காமல் ‘சுத்தம் செய்யப்பட்டது’ என்ற குறிப்புதான் வரும்.

பழைய காசை வாங்கிக்கொள்கிறோம், முதலில் கமிஷனும் வரியும் கட்டுங்கள் என்று ரிசர்வ் வங்கியின் பெயரில் யாராவது கேட்டால் போனை வைத்துவிடுங்கள். அப்படி எந்த வேலையும் தாங்கள் செய்வதில்லை என்று 2021 ஆகஸ்டிலேயே ரிசர்வ் வங்கி அறிவித்துவிட்டது. பஞ்சில் சுற்றிக்கொண்டு வந்தவரும் அப்படி ஒரு இடத்தில் ‘பதிவுக் கட்டணம்’ கட்டிவிட்டுத்தான் என்னிடம் வந்திருந்தார்.