பாப்பிரஸ்: நாணலா, கோரையா?

புதிய ஏற்பாட்டின் மிகப் பழைய கிரேக்கச் சுவடிகளைப் பாப்பிரஸ் 46, பாப்பிரஸ் 52, பாப்பிரஸ் 75 என எண்ணிட்டு அழைப்பது ஆய்வாளர் வழக்கம். நைல் ஆற்றுச் சதுப்பில் வளர்ந்த ஒரு செடி, அதன் தண்டிலிருந்து செய்த எழுதுதாள், அத்தாளில் எழுதிய சுவடி ஆகிய மூன்றுக்கும் இந்த ஒரே பெயர்தான். தமிழில் நாணற்றாள், பப்பைரஸ், பாப்பிரசு என இதனைப் பலவாறு எழுதுகிறார்கள்.

மூலச்சொல் கிரேக்கத்தில் 'பாப்புரோஸ்'. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் கிரேக்கத் தாவர அறிஞர் தியோஃபிராஸ்டஸ் இச்செடியை அப்பெயராலேயே விவரிக்கிறார். 'மன்னனுக்குரியது' என்னும் பொருள் தரும் எகிப்தியத் தொடரிலிருந்து இது வந்தது என்பார் உண்டு. ஆனால் அத்தொடர் எகிப்திய எழுத்துகளில் எங்கும் கிடைக்கவில்லை என்பதால் அதனை ஊகமாகவே கொள்ள வேண்டும். அதே செடிக்குக் கிரேக்கர் வழங்கிய மற்றொரு பெயர் 'பிப்லோஸ்'. அதிலிருந்து நூலைக் குறிக்கும் 'பிப்லியோன்', அதன் பன்மையான 'பிப்லியா', அதன் வழியாக நம் 'விவிலியம்' என்று கிளைத்ததால், தமிழ்க் கத்தோலிக்கர் நாள்தோறும் சொல்லும் சொல்லுக்குள்ளும் இந்த நீர்ச்செடி இருக்கிறது. எழுதத் தயாரான தாளுக்குக் கிரேக்கத்தில் 'கார்த்தேஸ்' என்று பெயர். பேப்பர் என்பது பாப்புரோஸிலிருந்தும் சார்ட் என்பது கார்த்தேஸிலிருந்தும் வந்தவை. பள்ளிப் பிள்ளைகள் கேட்கும் 'சார்ட் பேப்பர்' ஒரே பொருளை இருமுறை சொல்வதுதான். யோவானின் இரண்டாம் நிருபம் 12ஆம் வசனத்தில் 'காகிதத்தினாலும் மையினாலும்' என்று தமிழ் வேதாகமம் சொல்லுமிடத்தில் மூலத்தில் உள்ள சொல்லும் கார்த்தேஸ்தான். அக்காலத்தில் அப்பகுதியில் காகிதம் இல்லை.

இத்தாளைச் செய்ய, தண்டின் பச்சைத் தோலை உரித்து, உள்ளிருக்கும் வெண்ணிறச் சோற்றை நீளவாக்கில் மெல்லிய பட்டைகளாகச் சீவுவார்கள். பட்டைகளை அருகருகே பரப்பி, அவற்றின் மேல் குறுக்குவாட்டில் இன்னொரு வரிசையை அடுக்கி அழுத்திக் காயவைத்தால் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் பாப்பிரஸ் தாளின் ஒரு பக்கத்தில் நார் கிடையாகவும் மறுபக்கத்தில் செங்குத்தாகவும் ஓடுகிறது.

மான்செஸ்டர் நகரின் ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்தில் உள்ள பாப்பிரஸ் 52இல் இதனைக் காணலாம். 1920இல் எகிப்தில் வாங்கப்பட்டு, 1935இல் காலின் ராபர்ட்ஸ் பதிப்பித்து வெளியிட்ட இத்துணுக்கு ஏறக்குறைய 9 செ.மீ. உயரமும் 6 செ.மீ. அகலமும் உடையது, உள்ளங்கையில் அடங்கிவிடும். முன்பக்கத்தில் யோவான் நற்செய்தி 18ஆம் அதிகாரத்தின் 31 முதல் 33 வரையும், பின்பக்கத்தில் 37, 38ஆம் வசனங்களும் பக்கத்திற்கு ஏழு வரிகளாகச் சிதைந்து நிற்கின்றன. 'சத்தியமாவது என்ன' என்று பிலாத்து கேட்கும் வரியில் கேள்வி முழுவதும் உதிர்ந்துபோய், அதை அடுத்து வரும் 'இதைச் சொல்லி' என்னும் பகுதியின் சில எழுத்துகளே எஞ்சியுள்ளன. முன்பக்கத்தில் உள்ள நூலே பின்பக்கத்திலும் தொடர்வதால், இது பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டுமே எழுதப்படும் சுருளின் துண்டு அன்று, ஏடுகளை மடித்துத் தைத்த புத்தகத்தின் துண்டு என்பது தெளிவாகிறது. இதன் காலத்தைக் கி.பி. 125ஐ ஒட்டிக் குறிப்பதே நெடுநாள் வழக்கம். ஆயினும் எழுத்தமைதியை மட்டும் கொண்டு கணிப்பதால், 2ஆம் நூற்றாண்டின் இறுதிவரையோ அதற்குச் சற்றுப் பின்னரோ வரலாம் என்போர் கருத்தையும் தள்ளிவிட முடியாது.

இனித் தமிழ்ப்பெயர். மோசேயைக் கிடத்திய பெட்டி 'நாணற்பெட்டி' என வேதாகமத்தில் நிலைபெற்றுவிட்டதால் பாப்பிரஸையும் நாணல் என்பது பழகிவிட்டது. அந்தப் பெட்டியைச் சொல்லும் எபிரேயச் சொல்லும் இச்செடியையே குறிக்கிறது. ஆனால் நாணல் புல்லினம். அதற்குக் கணு உண்டு. பாப்பிரஸ் கோரையினம், அதன் தண்டு கணுவின்றி முப்பட்டையாக நீண்டு வளரும். பத்தமடைப் பாய்க்குக் கிழிக்கும் கோரை இதன் நெருங்கிய உறவு. ஆகவே 'கோரைத்தாள்' என்பதே பொருந்தும் என்பது என் துணிபு. தாள் என்பது நெல், கோரை முதலியவற்றின் தண்டையும் எழுதும் தாளையும் ஒருங்கே குறிப்பது இதற்கு வாய்த்த நயம். சுவடியைக் 'கோரைத்தாள் சுவடி' எனலாம். எண்ணோடு வரும்போது மட்டும் உலக வழக்கை ஒட்டிப் 'பாப்பிரஸ் 52' என்றே எழுதுவது குழப்பம் தவிர்க்கும். 'பப்பைரஸ்' என்பது ஆங்கில உச்சரிப்பு. கிரேக்க மூலத்திற்குப் 'பாப்பிரஸ்' நெருக்கமானது.

பாப்பிரஸ் என்றாலே வேதச் சுவடி என்று கொள்வதும் பிழை. எகிப்தின் ஆக்சிரிங்கஸ் குப்பைமேடுகளிலிருந்து தோண்டியெடுத்தவற்றுள் பெரும்பாலானவை வரிச் சீட்டுகள், குத்தகைப் பத்திரங்கள், வீட்டுக் கடிதங்கள். நற்செய்தித் துணுக்குகள் அவற்றினிடையே கலந்து கிடந்தவை.