அப்பா போனபின் வீட்டில் இருக்கும் துப்பாக்கி

எங்காவது வீடு புகுந்து கொலை நடந்துவிட்டால் போதும், "ஆளுக்கொரு துப்பாக்கி லைசென்ஸ் கொடுத்துவிட்டால் எவன் வருவான்?" என்ற பேச்சு கிளம்பிவிடும். கிரிமினல் வக்கீலான என்னிடம் வரும் துப்பாக்கி வழக்குகளில் திருடனைப் பார்ப்பது அபூர்வம். வருவதெல்லாம் அண்ணன் தம்பிகள்தான்.

அப்படி வந்த ஒன்று. அப்பா முறைப்படி வைத்திருந்த இரட்டைக்குழல் துப்பாக்கி, அவர் காலமானபின் பழைய வேட்டியில் சுற்றி பீரோவுக்குள் கிடந்தது. தோட்டாக்கள் நிலப் பத்திரங்களுக்குப் பக்கத்தில், ஒரு பிஸ்கட் டப்பாவில். "அதான் லைசென்ஸ் இருக்கே சார்" என்று மூத்த மகன் புத்தகத்தை நீட்டினார். அதில் ஒட்டியிருந்தது அப்பாவின் போட்டோ. பாகப்பிரிவினைத் தகராறு முற்றியதும் ஸ்டேஷனுக்குப் போன் போட்டது தம்பி.

லைசென்ஸ் ஆளுக்குத்தான், வீட்டுக்கு இல்லை. லைசென்ஸ்தாரர் இறந்தபின் அந்தத் துப்பாக்கியை வைத்திருப்பவர், 1959-ஆம் வருட ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் வைத்திருப்பவர். 2019 திருத்தத்துக்குப் பிறகு இதற்குத் தண்டனை 2 முதல் 5 ஆண்டு வரை, கூடவே அபராதம். மாவட்ட நடுவரின் (பெரும்பாலும் கலெக்டர்தான்) முன் அனுமதி இல்லாமல் வழக்குத் தொடர முடியாது என்பது உண்மைதான். அதை நம்பி பீரோவைப் பூட்டிவிட்டு இருந்துவிடாதீர்கள்.

அதே திருத்தம்தான், ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகளை 3-லிருந்து 2 ஆக்கியது. மசோதா முதலில் 1 என்றுதான் வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் 2 ஆனது. என்னைக் கேட்டால், ஊருக்குள் கௌரவத்துக்காக வைத்திருப்பவருக்கு ஒன்றே அதிகம். மலையடிவாரத்தில் பயிர் காக்கும் விவசாயியின் கதை வேறு. குழல்வாய் வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியை அவருக்காகவே சட்டம் தனியாகச் சொல்லி வைத்திருக்கிறது. ஆனால் அந்த லைசென்ஸ் காட்டுப்பன்றியைச் சுட அனுமதி ஆகிவிடாது, அதற்கு வனவிலங்குச் சட்டம் தனி.

சரி, இப்படி ஒன்று வீட்டில் இருந்தால்? உள்ளே தோட்டா இருக்கிறதா என்று நீங்களே திறந்து பார்க்க வேண்டாம். துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறவும் வேண்டாம். முதலில் ஸ்டேஷனுக்கு எழுத்தில் தகவல் கொடுங்கள். அப்புறம் அங்கேயோ, லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்துவிடலாம். ரசீதில் துப்பாக்கியின் எண்ணும், எத்தனை தோட்டா என்பதும் இருக்கட்டும். பிள்ளைகளில் ஒருவருக்கு அது வேண்டுமென்றால் 21 வயது ஆகியிருக்க வேண்டும். மற்ற வாரிசுகளின் சம்மதத்தோடு புதிதாக விண்ணப்பிக்கலாம்.

இதற்காக யாரும் சாகும்வரை காத்திருக்கத் தேவையில்லை. லைசென்ஸ்தாரருக்கு 70 வயது ஆகிவிட்டாலோ, துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, தன் வாரிசு ஒருவரை அவரே முன்மொழிய 2016-ஆம் வருட ஆயுத விதிகள் இடம் தருகின்றன. அப்பா தெம்பாக இருக்கும்போதே அவர் கையெழுத்தோடு அந்த விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். பிள்ளைகள் எல்லோரிடமும் சம்மதக் கடிதம் வாங்குவது அப்போதுதான் சுலபம்.