மொனிட்டரிங்: கண்காணிப்பா, உடன்கேட்பா?

‘மொனிட்டர் ஓன்ல இருக்கட்டும், ஆனா எஃபெக்ட் பதியக்கூடாது.’ வெள்ளவத்தை மாடிவீட்டு அறையிலே கிற்றார் பதிகிறவர்கள் இப்படித்தான் பேசிக்கொள்வார்கள். எஃபெக்ட் என்பது வாசித்த ஒலிக்கு மேலே சேர்க்கும் எதிரொலி போன்ற மெருகு. இந்த மொனிட்டரின் மூலம் இலத்தீன். ‘மொனேரே’ என்றால் எச்சரித்தல், அறிவுறுத்தல். வகுப்பில் சத்தம் போடுகிறவர்களின் பெயரை எழுதி வைக்கும் மாணவனும் மொனிட்டர்தான். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் அவன் சட்டாம்பிள்ளை. ஒலிப்பதிவிலோ, பதிவாகிக்கொண்டிருக்கும்போதே வாசிப்பவர் தன் ஒலியைக் கேட்பதற்கு இந்தப் பெயர்.

அகராதி ‘கண்காணிப்பு’ என்று சொல்லும். கமராவுக்குச் சரி. அந்தச் சொல்லுக்குள் கண் இருக்கிறது. மலையகத் தோட்டத்துக் கங்காணியும் அதன் வழி வந்தவரே. காதால் நடக்கும் வேலைக்கு அது ஒட்டாது. ‘உடன்கேட்பு’ என்று சொல்லலாம் என்பது எங்கள் துணிபு. உடன் என்றால் உடனே, கூடவே. இரண்டும் இங்கே வேண்டும்.

வாசித்த ஒலி உடனே கேட்காமல் பிந்துவதுதான் லேட்டன்சி. அதற்கு எங்கள் ஊர்ச் சொல் சுணக்கம். இதைவிட நல்ல சொல் தேடத் தேவையில்லை. கணினி ஒரு தரத்துக்குச் சேர்த்துவைத்து அனுப்பும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கைதான் பஃபர். செக்கனுக்கு 48,000 மாதிரி எடுக்கும் 48 கிலோஹேர்ட்ஸில் பஃபர் 128 என்றால் ஒரு வழிக்கு 2.7 மில்லிசெக்கன். உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று: 5.3. கிற்றாரைக் கணினியோடு இணைக்கும் பெட்டியான இன்டர்ஃபேஸின் சொந்தச் சுணக்கம் இதற்கு மேலே. கை இதைப் பொறுக்கும். பஃபர் 1024 என்றால் போய்வர 43. நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் பதினாறாம் சுரம் 125 மில்லிசெக்கன். அதில் மூன்றிலொன்று போய்விட்டால் தாளம் இழுபடும். பஃபரைக் குறைத்ததும் வெடிப்புச் சத்தம் கேட்டால் கணினி திணறுகிறது. மற்ற ட்ராக்குகளை ஃப்ரீஸ் செய்யுங்கள், அதாவது எஃபெக்டோடு சேர்த்துத் தற்காலிகக் கோப்பாக்கிவிடுங்கள். எல்லா ட்ராக்கும் வந்து சேரும் மாஸ்டரில், ஒலி எல்லை மீறாமல் தடுக்கும் லிமிட்டர் இருந்தால் கழற்றிவிடுங்கள். பலவகை லிமிட்டர்கள் ஒலியை முன்கூட்டியே பார்ப்பதற்காகத் தாமே சுணக்கம் சேர்ப்பவை.

இன்டர்ஃபேஸில் ‘டைரக்ட்’ என்றிருக்கும் பொத்தான் சுணக்கத்தை ஏறக்குறைய இல்லாமலாக்கும். ஆனால் கேட்பது வெறும் கம்பி ஒலி. டிலே என்ற எதிரொலி எஃபெக்ட் போட்டு வாசிக்கும் பகுதியை அப்படி வாசிக்க முடியாது. எதிரொலி கேட்டால்தான் விரல் இடைவெளி விடும். டைரக்டும் மென்பொருள் வழியும் சேர்ந்து திறந்திருந்தால் ஒரே ஒலி சில மில்லிசெக்கன் தள்ளி இரண்டு தரம் வரும், குழாய்க்குள் வாசித்ததுபோல. ஒன்றை மூடுங்கள்.

கேட்பது வேறு, பதிவது வேறு என்பதுதான் உடன்கேட்பின் சாரம். ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் ட்ராக்கின் எஃபெக்ட் வரிசையில் போட்டால் காதுக்கு எஃபெக்ட், கோப்பில் வெறும் கிற்றார். அதையே இன்புட் எஃபெக்ட் வரிசையில் போட்டால் கோப்பிலேயே பதிந்துவிடும். பிறகு பிரித்தெடுக்க வழியில்லை.

இதன் அருமை டேக்குகளை, அதாவது ஒரே பகுதியைப் பலமுறை வாசித்த பதிவுகளை, கோர்க்கும்போது தெரியும். டேக் என்பது பழைய நோர்ஸின் ‘டாகா’, எடுத்தல். ‘எடுப்பு’ என்று மொழிபெயர்க்கக் கை துறுதுறுக்கும். ஆனால் தாளத்தில் பாட்டுத் தொடங்கும் இடத்துக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே உண்டு. ‘தடவை’ போதும். எட்டு பாரை (தாளச் சுற்றை) திரும்பத் திரும்ப ஓடும் லூப்பில் போட்டு, முன்னோட்டம் இரண்டு பார் விட்டு, நாலைந்து தடவை வாசியுங்கள். அதற்கு மேல் கை களைக்கும், தெரிவும் குழம்பும். பிறகு நல்ல துண்டுகளை எடுத்து, பிக் கம்பியில் படுவதற்குச் சற்று முன்னே வெட்டி, ஒரு துண்டு தேய மற்றது வளரும்படி 5 முதல் 10 மில்லிசெக்கன் குறுக்கு மங்கல் (கிராஸ்ஃபேட்) கொடுங்கள். எஃபெக்டோடு பதிந்திருந்தால் முந்தின சுரத்தின் டிலே வால் வெட்டிடத்தில் அறுந்துபோகும். வெறுமையாகப் பதிந்திருந்தால் கோர்த்த பின்னரே டிலே வேலை செய்வதால் வால் ஒட்டைத் தாண்டி ஓடும்.

ஒவ்வொரு தடவைக்கும் முன் சுருதி பாருங்கள். இரண்டாவது தடவையில் கம்பி சற்று இறங்கியிருந்தால் எந்த மங்கலும் அந்த ஒட்டை மறைக்காது.